அவருடைய கல்யாணக் கோட்டு

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஆம்பிளைக்குக் கோட்டு என்பது இரண்டு நாளைக்கு உரியது. தாலி கட்டும் அன்று அவர்களே போட்டுக்கொள்வார்கள். சவப்பெட்டியில் படுக்கவைக்கும் அன்று மற்றவர்கள் போட்டுவிடுவார்கள். நடுவில் எத்தனை வருஷம் என்பது சர்வேசுரன் கையில் இருக்கிறது. அதுவரை கோட்டு டிரங்குப் பெட்டிக்குள் அந்துருண்டையோடு கிடக்கும்.

என் வீட்டுக்காரருடைய கோட்டு காப்பிப்பொடி நிறம். நாகப்பட்டினத்தில் தைத்தது. காலர் அகலமாக நெஞ்சில் பாதியை மறைக்கும். கால்சட்டை பெல்பாட்டம், நடந்தால் தரையைக் கூட்டும். அந்தக் காலத்தில் மாப்பிள்ளை என்றால் அப்படித்தான். கீழ்வேளூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயிலில், சித்திரை வெயிலில், மின்விசிறி கூட இல்லாமல் எங்கள் கல்யாணப் பூசை நடந்தது. அவருக்குக் காதோரத்தில் வேர்வை ஓடிக்கொண்டே இருந்தது. முழங்காலில் இருக்கும்போது என் பக்கம் சாய்ந்து, "ரெண்டு நாளைக்கு இம்புட்டுத் துணியா? ஒருநாள் இதப் போட்டுக்கிட்டுச் சாகணும், இன்னொரு நாள் செத்தப்புறம் போட்டுக்கணும்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முக்காட்டுக்குள் தோள் குலுங்கியது. பெண் அழுகிறாள் என்று நினைத்து என் அம்மாவும் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர் பம்புசெட்டு மெக்கானிக். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை போன வருஷங்களில் எங்கள் ஊரில் பாதி ஆம்பிளைகள் வெளிநாட்டுக்குப் போனார்கள். இவரும் சவுதிக்குப் போனார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வருவார். வீட்டில் மிக்சி வந்தது, டேப்ரிக்கார்டர் வந்தது, சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு வந்தது. அவர் வந்து வந்து போனார். கடைசியில் ஒருநாள் காலையில் அங்கே வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

உடம்பு வந்து சேர வெகுநாள் ஆயிற்று. வருகிறது என்று தகவல் வந்த அன்றே நான் கோட்டை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தேன். பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்று கூட வந்தவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இத்தனை நாள் ஆகிவிட்டது, திறந்தால் தாங்கமாட்டீர்கள் என்றார்கள். நான் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு நின்றேன். யாரோ, "பெட்டிக்கு மேலயாவது போடுங்களேன்" என்றார்கள். என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, அழுதுகொண்டே சொன்னார்கள்: "மேல போட்டா ஆச்சா? போட்டுவிட்டாத்தானே கோட்டு." அவர்கள் சொன்னதும் சரிதான். கல்லறைத்தோட்டம் வரை கையில் கோட்டோடு நடந்தேன். அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தேன். என் மகன் அப்போது மூன்றாம் வகுப்பு. என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான்.

அன்றைக்கு ராத்திரி ஜெபமாலை சொல்லும்போது மாதாவிடம் ஒன்று சொல்லிவைத்தேன். என் காலம் முடிந்து என்னைப் பெட்டியில் வைக்கும்போது அந்தக் கோட்டும் என் பக்கத்தில் வரவேண்டும். அவருக்கு நான் போட்டுவிடவேண்டியது பாக்கி இருக்கிறது, அங்கே போய்ப் போட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். மோட்சத்தில் கோட்டு எதற்கு என்று படித்தவர்கள் கேட்கலாம். நான் எட்டாவது வரை படித்தவள். எனக்கு அப்படித்தான் தோன்றியது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

மகன் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தான். அப்புறம் சென்னை, அப்புறம் சிங்கப்பூர். நான் இங்கேயே இருந்தேன். ஒரு ஆளுக்கு உலை வைப்பது பழகுவதற்கு வெகுகாலம் பிடித்தது. சோறு மிஞ்சிக்கொண்டே இருந்தது. வருஷாவருஷம் மழையெல்லாம் விட்டுத் தை வெயில் வந்ததும் கோட்டை எடுத்துக் கொடியில் உலரப் போடுவேன். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுப் பெண் ஒருமுறை வேலிக்கு அந்தப்பக்கமிருந்து, "வீட்ல ஆம்பளைங்க வந்திருக்காங்களாக்கா?" என்று ஆசையாகக் கேட்டாள். "இல்லம்மா, கோட்டுதான்" என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, மறுநாள் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள்.

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் சென்னை, நம்ம கத்தோலிக்க வேதம்தான், அவனோடு சிங்கப்பூரில் வேலை பார்த்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான்.

"அம்மா, அப்பாவோட கல்யாணக் கோட்டு இருக்குல்ல?"

"இருக்கு. ஏன் தம்பி?"

"நான் போட்டுக்கட்டுமா?"

"உனக்கு என்ன தலையெழுத்தா? புதுசா தச்சுக்க" என்றேன்.

"புதுசு எல்லார்கிட்டயும் இருக்கும்மா. இப்ப பழசுதான் பேஷன். அந்த அகலக் காலரு, பெல்பாட்டம் எல்லாம் திரும்பி வந்துடுச்சு. இங்க ஒரு கடையில பழைய கோட்டா தொங்கவிட்டு விக்கிறான். யாரு போட்டதுன்னே தெரியாது, அதப் போய் அடிச்சுப் புடிச்சு வாங்குறாங்க. நம்மகிட்ட அப்பாவோடதே இருக்கே."

பழைய துணி என்றால் பாத்திரக்காரனிடம் போட்டு எவர்சில்வர் கிண்ணம் வாங்குவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அதைக் கடையில் மாட்டி விற்பார்கள் என்பது புதுச் செய்தி. ஆனால் என் மனதில் ஓடியது அது இல்லை. அந்தக் கோட்டு எனக்கு வேண்டும் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? கல்யாணம் பேசும் பிள்ளையிடம் என் சாவுப் பெட்டியைப் பற்றிப் பேசலாமா? "எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் மருமகளாக வரப்போகிறவள் பேசினாள். "ஆண்ட்டி, உங்க கல்யாணப் போட்டோ அனுப்பினான். எனக்கும் அதே மாதிரி பஃப் கை வச்சு, கழுத்து ஏறின ப்ளவுஸ் தைக்கணும். தலையில அந்த மெழுகுப்பூ கிரீடம் வேணும். கை முழங்கை வரைக்குமா, அதுக்கும் கீழயா? முக்காடு மறைக்குது."

"முழங்கைக்குக் கொஞ்சம் மேலம்மா. கை தூக்க முடியாது, இப்பவே சொல்லிட்டேன்."

அவள் கலகலவென்று சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அதனால் இன்னும் பேச முடியாமல் போனது.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் இருவரும் ஊருக்கு வந்தார்கள். கோட்டைப் போட்டுப் பார்த்தான். அவருக்கு மெலிந்த உடம்பு. இவன் சிங்கப்பூர்ச் சாப்பாட்டில் நன்றாக ஊறியிருந்தான். கை நுழைந்தது, முதுகு விறைத்துக்கொண்டது. மூன்று பேரும் பஸ் பிடித்துத் தஞ்சாவூருக்குப் போனோம். கீழவாசல் பக்கம் கோட்டு தைக்கிற கடை ஒன்று இருந்தது.

தையல்காரர் பட்டனைப் போட்டுப் பார்த்தார். "தம்பி, கோட்டு ஏறிடுச்சு. மூச்சு விடாம இருந்தா கல்யாணம் நல்லபடியா முடியும்" என்றார். கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள்.

"இதே மாதிரி புதுசா ஒண்ணு தச்சுத் தர்றீங்களா?" என்று நான் அவசரமாகக் கேட்டேன். என் ஒரே நம்பிக்கை அதுதான்.

"அம்மா, புதுசா தச்சா அது நாடக டிரஸ்ஸும்மா" என்றான் மகன்.

தையல்காரர் கோட்டைக் கழற்றி உட்பக்கம் திருப்பினார். தையலுக்குள்ளே இரண்டு பக்கமும் துணி நிறைய மடித்து விட்டிருந்தது. "கவலையே இல்ல, பிரிச்சு விட்டுடலாம். அந்தக் காலத்துல வேதக்காரங்க கோட்டுன்னா உள்ள துணி விட்டுத்தான் தைப்பாங்க. தாலி கட்டுறப்ப ஒல்லியா இருப்பாரு, பெட்டியில வைக்கிறப்ப தொப்பையோட இருப்பாருல்ல?"

மருமகள், "எந்தப் பெட்டியில?" என்று கேட்டாள். மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் தெருவைப் பார்த்தேன். தையல்காரருக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்து அளவு நாடாவைத் தேட ஆரம்பித்தார். நாடா அவர் கழுத்திலேயே கிடந்தது.

இரண்டு நாளில் பிரித்துத் தைத்த கோட்டு வீட்டுக்கு வந்தது. பார்க்க வந்த நாத்தனார் கதையைக் கேட்டதும் கொதித்துப்போனார்கள். பிள்ளைகள் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏ புள்ள, உனக்கு மூள இருக்கா? பெட்டிக்குன்னு வச்சிருந்த கோட்ட உசுரோட இருக்குற புள்ளைக்கு மாட்டுவியா?"

"அவன்தான் கேட்டான் அண்ணி. இப்ப அதுதான் பேஷனாம்."

"பேஷனு! கிழிஞ்ச ஜீன்ஸுக்குக் காசு அதிகம்னு சொல்ற கூட்டம். நாளைக்கு எழவு வீட்டுப் பாயும் பேஷன்னு சொல்லுவான், எடுத்துக் குடு."

சாமி கும்பிடுகிறவளுக்குச் சகுனம் பார்க்கக் கூடாது என்று தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. என் பெட்டிக்கென்று எடுத்து வைத்த கோட்டு, பிள்ளை உடம்பில் என்னவாகுமோ என்று பயந்தேன். பொழுது சாயும் முன் கோட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு பங்குச்சாமியாரிடம் போனேன். அவர் என் மகனைவிடச் சில வயதுதான் மூத்தவர்.

"ஸ்தோத்திரம் சாமி. இந்தக் கோட்டுல தோஷம் எதுவும் இருக்குமா?"

"கோட்டுல என்னம்மா தோஷம்? அந்துருண்ட வாடைதான் இருக்கு" என்றார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டோடு கல்லறைக்குப் போனது, திரும்பி வந்தது, மாதாவிடம் சொல்லிவைத்தது எல்லாம். முதல்முறையாக ஒரு மனிதரிடம் சொன்னேன்.

சாமியார் கோட்டை மேசைமேல் விரித்தார். "ஞானஸ்நானத்துக்குப் போடுற வெள்ளைத்துணிய நினைச்சுத்தாம்மா செத்தவங்க பெட்டிக்கும் வெள்ளைத்துணி போத்துறோம். ஒரே துணிதான் நமக்கு. அதுல பயப்பட ஒண்ணுமில்ல. நான் மந்திரிச்சுத் தர்றேன், புள்ள போட்டுக்கட்டும்" என்றார். தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். பிறகு காலரைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். கிளம்பும்போது, "உங்க ஆசைய உங்க பையன்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சாமி."

"சொல்லுங்க. மாதாகிட்ட மட்டும் சொன்னா எப்படி? பெட்டியில எடுத்து வைக்கப்போறது அவன்தானே?"

பயம் போய்விட்டது. சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை.

கல்யாணம் எங்கள் ஊர்க் கோயிலிலேயே நடந்தது. பழைய அம்பாசிடர் காரில் பூக்கட்டி வந்து இறங்கினார்கள். சிநேகிதப் பிள்ளைகள் எல்லாம் நாங்கள் இளவயதில் உடுத்திய மாதிரி உடுத்தியிருந்தார்கள். பெரிய பெரிய புள்ளி போட்ட சேலை, இரட்டைப் பின்னல், காதுக்குக் கீழே இறங்கிய கிருதா. ஊர்ப் பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நாங்க வச்ச பஃப் கைய போட்டோல பாத்துப் பூசணிக்கான்னு கிண்டல் பண்ணீங்களேடி" என்று ஒருத்தி தன் மகளைக் குத்திக்காட்டினாள். எங்கள் வீட்டுப் போட்டோ ஓதம் ஏறித் தானாகப் பழுப்பாகிப் போனது. போட்டோக்காரர் இவர்களுடைய புதுப் படத்தை வேண்டுமென்றே பழுப்பாக்கித் தருவதாகச் சொன்னார்.

நான் முன்வரிசையில் இருந்தேன். பீடத்துக்கு முன்னால் மகன் முழங்காலில் இருந்தபோது முதுகு மட்டும் தெரிந்தது. காப்பிப்பொடி நிறத்து முதுகு. எங்கள் கல்யாணத்தன்று நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன், அவர் முதுகை நான் பார்க்கவே இல்லை. இப்படித்தான் மற்றவர்களுக்குத் தெரிந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பூசையில் மனம் நிற்கவில்லை, ஆண்டவர் மன்னிக்கட்டும்.

வெளியே வந்தபோது அவரோடு சிறுவயதில் பம்புசெட்டு வேலை பழகியவர், கண் சரியாகத் தெரியாதவர், கூட்டத்தில் பின்னாலிருந்து வந்து மகன் தோளில் தட்டி, "டேய் மெக்கானிக்கு!" என்றார். மகன் திரும்பினான். அவர் அவன் முகத்தையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல தம்பி, ஒண்ணுமில்ல, நல்லா இருங்க" என்று சொல்லித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். சாப்பாட்டுக்குக் கூட நிற்கவில்லை.

ஒரு வாரத்தில் கிளம்பினார்கள். சாமான் கட்டும்போது மருமகள் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அத்தை, இத நாங்க எடுத்துட்டுப் போகலாமா? இல்ல உங்ககிட்ட இருக்கணுமா?"

கேட்டாள். நல்ல பெண், கேட்கத்தான் செய்தாள். எங்கள் வழக்கப்படி ஒருவன் எந்தக் கோட்டில் தாலி கட்டினானோ அது அவனுடைய கோட்டு. இனி அது என் மகனுடையது. அவன் நூறு வயசு இருந்து, பேரன் பேத்தி எடுத்து, அதன் பிறகு வேண்டியது. நடுவில் நான் எனக்கு வேண்டும் என்று எப்படிக் கேட்பேன்? "எடுத்துட்டுப் போங்கம்மா. வருஷத்துக்கு ஒருதடவ வெயில்ல போடுங்க" என்று சொல்லி நானே மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். அவர்கள் கார் ஆற்றுப்பாலம் திரும்பிய பிறகு உள்ளே வந்தேன். வீட்டில் அந்துருண்டை வாடை மட்டும் இருந்தது. அவரை அடக்கம் செய்த அன்றுகூட வீடு இவ்வளவு காலியாக இல்லை. அன்றைக்கு ஒரு வேலை மிச்சம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளன்று நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு அவர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினேன், சுடர் நிற்கவில்லை. அவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், "புள்ள எடுத்துட்டுப் போயிட்டான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்தபோது மகன் வீடியோவில் கூப்பிட்டான். சிநேகிதர் வீட்டு விருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மேலே அந்தக் கோட்டு, கீழே நீல ஜீன்ஸ், கையை முழங்கை வரை இழுத்து விட்டிருந்தான். எனக்குப் பகீரென்றது. ஜீன்ஸோடு அந்தக் கோட்டா?

"எப்படிம்மா இருக்கு? போற எடத்துல எல்லாம் எங்க வாங்குனன்னு கேக்குறாங்க. எங்க அப்பாவோடதுன்னு சொல்லுவேன். உடனே அப்பா என்ன பண்ணாரு, எப்படி இருப்பாருன்னு கேப்பாங்க. சொல்லிக்கிட்டே இருப்பேன்."

இங்கே அவரைப் பற்றிக் கேட்டு யாரும் என்னிடம் வருவதில்லை. அவர் பழுது பார்த்த மோட்டார்கள் எல்லாம் எடைக்குப் போய்விட்டன. கண் தெரியாத சிநேகிதரும் ஐப்பசி அடைமழையில் போய்ச் சேர்ந்துவிட்டார். யாருமே அறியாத ஊரில் அவரைப் பற்றிக் கேட்கிறார்களாம். என் பெட்டிக்குள் மண்ணோடு மக்க வைத்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

ஆனாலும் மனசு விடவில்லை. சாமியார் சொன்னது நினைவில் இருந்தது. "தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது" என்று தொடங்கி, கல்லறைக்குப் போய்த் திரும்பியதிலிருந்து மாதாவிடம் சொல்லிவைத்தது வரை சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவன் குறுக்கே பேசவில்லை. இழுத்து விட்டிருந்த கையை மெதுவாகக் கீழே இறக்கி விட்டுக்கொண்டான்.

"ஏம்மா அப்பவே சொல்லல? எனக்கு ஞாபகம் இருக்கும்மா. நீ அந்தக் கோட்டோட நடந்தது. அதுக்காகத்தான் நான் கேட்டேன். யாராவது ஒருத்தராவது அதப் போட்டுக்கணும்னு இருந்துச்சு" என்றான். "நான் திருப்பிக் கொண்டாந்து தர்றேன்மா."

"வேணாம். அது உன்னோடது. நீ போட்டுக்க, ஜீன்ஸோட போட்டாலும் போட்டுக்க. எனக்கு முடியலன்னு போன் வந்தா மட்டும் அதப் போட்டுக்கிட்டு வா. பெட்டிக்குப் பக்கத்துல அந்தக் கோட்டோட நில்லு. போதும்."

"டிக்கெட் கெடச்சு வந்து சேர ஒரு நாளு ஆகிடும்மா" என்றான், சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டே.

"ஆனா ஆகட்டும். இப்பல்லாம் ஊருக்குள்ளயே ஐஸ் பெட்டி வாடகைக்குக் கெடைக்குது தம்பி. நான் இருப்பேன். நீ பதறாம வா" என்றேன்.